ரீப்பரில் குரலின் வால்யூம் ஆட்டோமேஷன் அழிந்துவிட்டது: மீட்க வழி உண்டா?

கேள்வி:
வணக்கம். விண்டோஸில் ரீப்பர் 7 என்ற ஒலிப்பதிவு, மிக்சிங் மென்பொருள் வைத்திருக்கிறேன். ஒரு பக்திப் பாட்டை மிக்ஸ் செய்கிறேன்: பெண் குரல், வயலின், மிருதங்கம், தம்புரா. சரணத்தில் பாடகி கீழ் ஸ்தாயிக்கு இறங்கும்போது சொற்கள் வயலினுக்குள் அமுங்கிவிடுகின்றன. அதனால் வால்யூம் என்வலப்பில் (பாட்டு ஓடும்போது ஒலியளவு தானாக ஏறி இறங்க வரையும் ஆட்டோமேஷன் கோடு) வரிக்கு வரி புள்ளி வைத்து ஏற்றியிருந்தேன். நேற்று குரல் ட்ராக்கை, ஆட்டோமேஷனை எழுதும் ரைட் மோடுக்கு மாற்றி, அனுபல்லவியில் ஒரே ஒரு சொல்லை ஃபேடரால் (ஒலியளவை ஏற்றி இறக்கும் நகர்த்தி) இறக்கினேன். பாட்டு கடைசிவரை ஓடியது. இப்போது சரணம் முழுக்க நேர்கோடு, ஒரு புள்ளிகூட இல்லை. சேவ் செய்து மூடியும் விட்டேன்.

இன்னொன்று: ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் பென்டிரைவில் போட்டு மிக்சிங் செய்யும் அண்ணனிடம் கொடுத்தால், அவர் கணினியில் ஆடியோ எதுவும் வரவில்லை.

பதில் 1:
முதலில் மறுபடி சேவ் செய்யாதீர்கள். ப்ராஜெக்ட் ஃபோல்டரில் அதே பெயரில் '.ஆர்பிபி-பேக்' (.rpp-bak) என்று முடியும் பேக்கப் கோப்பு இருக்கிறதா பாருங்கள். கடைசி சேவுக்கு முந்தைய நிலை அதில் இருக்கும். அதை வேறிடத்தில் ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு ரீப்பரில் திறங்கள். அதற்குப் பிறகு இன்னொரு முறை சேவ் ஆகியிருந்தால் இதுவும் மாறியிருக்கும், அதனால்தான் அவசரம்.

ரைட் மோடு நீங்கள் ஃபேடரைத் தொட்டாலும் தொடாவிட்டாலும், பாட்டு ஓடுகிற வரைக்கும் அப்போதைய அளவை எழுதிக்கொண்டே போகும். ஒரு சொல்லைத் திருத்த டச் மோடுதான் சரி: பிடித்திருக்கும்வரை எழுதும், விட்டதும் பழைய கோட்டுக்குத் திரும்பும். லாட்ச் என்றால் கையை விட்ட பிறகும் அதே அளவை, நிறுத்தும்வரை எழுதும். குரலுக்கு நான் ரைட் மோடைத் தொடுவதே இல்லை.

கேட்டவர்:
பேக் கோப்பில் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன! மிக்க நன்றி. ஆனால் மொத்தக் குரலையும் கொஞ்சம் குறைக்கலாம் என்று ஃபேடரை இறக்கினால், ப்ளே கொடுத்ததும் அது பழைய இடத்துக்கே ஓடுகிறது.

பதில் 1:
ட்ராக் ரீட் மோடில் இருக்கிறது, ஃபேடர் என்வலப்பைப் பின்தொடர்கிறது. ட்ரிம்/ரீட் மோடுக்கு மாற்றுங்கள். என்வலப் தன் வேலையைச் செய்யும், ஃபேடர் அதன் மேல் மொத்தமாகக் கூட்டவும் குறைக்கவும் உதவும். அப்புறம், குரலில் கம்ப்ரஸர் (உரத்த இடங்களை அடக்கும் எஃபெக்ட்) போட்டிருந்தால் சொற்களைச் சமன்செய்ய, எஃபெக்டுகளுக்கு முன்பே வேலை செய்யும் ப்ரீ-எஃப்எக்ஸ் வால்யூம் என்வலப்பைப் பயன்படுத்திப் பாருங்கள். கம்ப்ரஸருக்குள் போகும் முன்பே அளவு சீராகிவிடுவதால் அது திணறாது.

பதில் 2:
இரண்டாவது கேள்விக்கு: ரீப்பரின் ப்ராஜெக்ட் கோப்பான ஆர்பிபி வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் என்வலப்பின் புள்ளிகள் 'பிடி' என்று தொடங்கும் வரிகளாகத் தெரியும். ஆடியோ அதற்குள் கிடையாது, எந்த இடத்தில் இருக்கிறது என்ற முகவரி மட்டுமே. சேவ் ஆஸ் கொடுத்து, ப்ராஜெக்டுக்குத் தனி ஃபோல்டர் உருவாக்கும் பெட்டியையும், மீடியா முழுவதையும் அதற்குள் காப்பி செய்யும் பெட்டியையும் டிக் செய்யுங்கள். அந்த ஃபோல்டரை முழுசாகக் கொடுங்கள்.

ப்ளகின்கள் (ரீப்பரில் சேர்த்திருக்கும் எஃபெக்ட் மென்பொருள்கள்) இதில் போகாது. அண்ணனிடம் அவை இல்லையென்றால், அல்லது அவர் வேறு மென்பொருள் வைத்திருந்தால், ட்ராக்குகளை ஸ்டெம்ஸாக, அதாவது ஒவ்வொன்றையும் தனி ஆடியோ கோப்பாக, ரெண்டர் செய்து கொடுங்கள், ஆட்டோமேஷன் ஒலியிலேயே பதிந்துவிடும்.

பெரிய மாற்றத்துக்கு முன்னால் ஃபைல் மெனுவில் 'சேவ் நியூ வெர்ஷன்' கொடுத்துவிட்டு வேலையைத் தொடருங்கள். பென்டிரைவைக் கொடுக்கும் முன், உங்கள் கணினியில் இருக்கும் பழைய ஃபோல்டரின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டு, பென்டிரைவில் உள்ளதைத் திறந்து பாருங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் ரீப்பர் அங்கேயே கேட்டுவிடும்.