ஏறுசுருள் கலைத்திட்டம்: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒரே கருத்தை வகுப்புதோறும் உயர்ந்த நிலையில் மீண்டும் மீண்டும் கற்பிக்கும் கல்விமுறையை ஆங்கிலத்தில் 'ஸ்பைரல் கரிக்குலம்' (spiral curriculum) என்கிறார்கள். அதற்கு ஏற்ற தமிழ்ச் சொல் எது என்ற நம் விவாதத்தில் 'சுழல்முறைப் பாடத்திட்டம்', 'சுருள் கலைத்திட்டம்' என்னும் இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டுமே ஆசிரியர் கல்வி நூல்களில் அங்கங்கே புழங்குபவைதாம். ஆயினும் இரண்டும் கருத்தின் ஒரு பாதியை மட்டும் சொல்லி மறு பாதியை விட்டுவிடுகின்றன என்பது என் எண்ணம். விடுபட்ட அந்தப் பாதியே இங்கு உயிரான பகுதி என்பதால், 'ஏறுசுருள் கலைத்திட்டம்' என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

சொல்லை எடைபோடுவதற்கு முன் கருத்தைப் பார்த்துவிடுவோம். 1957இல் சோவியத் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் விண்ணில் ஏறியதை அடுத்து, பள்ளிகளில் அறிவியல் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்ற கவலை அமெரிக்காவில் வலுத்தது. 1959 செப்டம்பரில் அந்நாட்டின் தேசிய அறிவியல் கழகம் உட்ஸ் ஹோல் என்னும் ஊரில் அறிவியலாளர்கள், கல்வியாளர்கள், உளவியலாளர்கள் என ஏறத்தாழ 35 பேரைக் கூட்டியது. அக்கூட்டத்துக்குத் தலைமை வகித்த உளவியலாளர் ஜெரோம் புரூனர், அங்கு நடந்த விவாதங்களை அடிப்படையாகக் கொண்டு 1960இல் வெளியிட்ட சிறுநூலில்தான் சுருள் என்னும் இந்த உருவகம் நிலைபெற்றது. எந்தப் பாடத்தின் அடிப்படைக் கருத்தையும், அதன் உண்மை கெடாத ஏதேனும் ஒரு வடிவில், எந்த வளர்ச்சிப் பருவத்திலுள்ள குழந்தைக்கும் கற்பிக்க முடியும் என்பது அவருடைய கருதுகோள். அப்படித் தொடங்கிய கருத்தைப் பின்வரும் வகுப்புகளில் மறுபடி மறுபடி தொட வேண்டும். தொடும்போதெல்லாம் முன்னதைவிட நுட்பமாகவும், முன்பு கற்றவற்றோடு பிணைந்தும் அது விரிய வேண்டும். ஆகவே திரும்பி வருதல், உயர்ந்து வருதல் என்று இக்கருத்துக்கு இரண்டு கால்கள் உண்டு.

இதற்குப் புரூனரே ஓர் அழகான சான்று தருகிறார். கணிதக் கல்வியாளர் டீன்ஸுடன் சேர்ந்து அவர் எட்டு வயதுக் குழந்தைகளின் கையில் மரத்துண்டுகளைக் கொடுத்தார். பெரிய சதுரப் பலகை ஒன்று. அதன் பக்கத்தளவுக்கு நீளமும் சிறிதே அகலமும் உள்ள பட்டைகள் சில. பட்டையின் அகலத்தையே பக்கமாகக் கொண்ட சின்னஞ்சிறு சதுரக் கட்டைகள் சில. பலகையின் அடுத்தடுத்த இரு பக்கங்களிலும் ஒவ்வொரு பட்டையை ஒட்டிவைத்தால் மூலையில் ஒரு சிறு பள்ளம் மிஞ்சும். அதில் ஒரு கட்டையை வைத்தவுடன் முன்னைவிடப் பெரிய முழுச் சதுரம் கிடைத்துவிடும். அடுத்த சதுரத்துக்கு நான்கு பட்டைகளும் நான்கு கட்டைகளும் வேண்டும். அதற்கடுத்ததற்கு ஆறு பட்டைகளும் ஒன்பது கட்டைகளும் வேண்டும். பட்டைகள் இரண்டிரண்டாகக் கூடுவதையும் கட்டைகள் 1, 4, 9 என்று வளர்வதையும் குழந்தை தன் விரல்களாலேயே கண்டுகொள்கிறது. சில ஆண்டுகள் கழித்து இயற்கணித வகுப்பில் (x + 1)² போன்ற ஈருறுப்புக் கோவையின் வர்க்கத்தை விரித்து எழுதும்போது, அதே மாணவி அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறாள். ஆனால் இப்போது கையில் மரத்துண்டு இல்லை, குறியீடு இருக்கிறது. முன்பு நின்ற இடத்தை அவள் ஒரு தளம் மேலிருந்து பார்க்கிறாள்.

இந்தக் காட்சியைக் கண்முன் வைத்துக்கொண்டு 'சுழல்' என்ற சொல்லைச் சோதிப்போம். சுழல் என்றதும் நமக்கு நீர்ச்சுழலும் காற்றுச்சுழலும் நினைவுக்கு வருகின்றன. முன்னது உள்ளே இழுப்பது, பின்னது நிலைகொள்ளாதது. இதைவிடப் பெரிய இடர் ஒன்றும் இருக்கிறது. 'சுழற்சி முறை' என்பது முறைவைத்து மாறி மாறிச் செய்வது என்ற பொருளில் நன்றாக வேரூன்றிவிட்ட தொடர். ஆசிரியர் பயிற்சி வகுப்பொன்றில் நான் கரும்பலகையில் 'சுழல்முறை' என்று எழுதியபோது, முன்வரிசையில் இருந்த மாணவி ஒருவர், "மாணவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் பள்ளிக்கு வருவார்களா, ஐயா?" என்று கேட்டார். கேள்வி முற்றிலும் நியாயமானது. அன்றைக்குத்தான் அந்தச் சொல்லைக் கைவிட்டேன்.

'சுருள்' அதனினும் நல்ல சொல். கணிதத்திலும் வானியலிலும் ஏற்கெனவே இடம்பிடித்தும் இருக்கிறது. எனினும் கணிதத்தில் சுருள் என்று நாம் வரைவது ஒரே தளத்தில் கிடக்கும் வளைவரை; அது விரியும், ஆனால் எழாது. சுருண்டுகொள்ளுதல், சுருட்டி வைத்தல் என்று அதன் வினைகளும் ஒடுங்குவதையே பெரும்பாலும் குறிக்கின்றன. நமக்கு வேண்டியதோ சங்கின் உருவம்: நுனியில் சிறு சுற்றாகத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதன்மேல் அமர்ந்தபடியே அதைவிடப் பெரிதாக வளர்ந்துகொண்டு போவது. வலம்புரி, இடம்புரி என்பவற்றில் சுற்று என்ற பொருளில் வரும் 'புரி'யை எடுத்து 'ஏறுபுரி' என்று ஆக்கலாமா என்று நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைய வாசகர் 'புரி' என்றவுடன் புரிதலைத்தான் நினைப்பார்.

ஒரே மையத்தைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக அமையும் பொதுமைய வட்டங்களை அடியொற்றிப் 'பொதுமைய முறை' என்றே இதையும் சொல்லிவிடலாம் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அதை என்னால் ஏற்க இயலவில்லை. ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்குப் போக வேண்டுமானால் இடைவெளியைத் தாண்டிக் குதிக்க வேண்டும். சுருளிலோ தொடங்கிய இடத்திலிருந்து முடியும் இடம்வரை விரலை எடுக்காமலே தடவிக்கொண்டு போகலாம். அந்தத் தொடர்ச்சி இக்கோட்பாட்டுக்கு இன்றியமையாதது. மருத்துவக் கல்வியில் இம்முறையை விளக்கி 1999இல் கட்டுரை எழுதிய ஹார்டனும் ஸ்டாம்பரும் இதன் இயல்புகள் நான்கு என்கிறார்கள்: பொருள் மீண்டும் தொடப்படுகிறது, கடினம் படிப்படியாகக் கூடுகிறது, புதியது பழையதோடு இணைக்கப்படுகிறது, கற்பவரின் திறன் உயர்ந்துகொண்டே போகிறது. நான்கில் இரண்டு, ஏற்றத்தைப் பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

ஏற்றத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அதை மறந்த இடங்களில் இம்முறை வெறும் திருப்புதலாகத் தேய்ந்துபோகிறது. சென்ற ஆண்டு நடத்திய பின்னத்தையே இந்த ஆண்டும் அதே படத்தோடும் அதே கணக்கோடும் நடத்திவிட்டு, எண்களை மட்டும் பெரிதாக்கிக்கொண்டால் அது ஏறவில்லை. நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. ஆண்டுதோறும் பல தலைப்புகளை மேலோட்டமாகத் தொட்டுவிட்டு எதிலும் ஆழம் காணாமல் போவது என்று இம்முறையின்மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அது இத்தகைய வகுப்பறைகளுக்கு முழுக்கவும் பொருந்தும். சொல்லிலேயே ஏற்றம் இருந்தால், பாடநூல் எழுதுகிறவர் ஒவ்வொரு சுற்றிலும் எது ஏறியது என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள ஒரு வாய்ப்பாவது உண்டு. கலைச்சொல்லால் வகுப்பறை மாறிவிடாது என்பார் உண்டு. ஆனால் பொருளை மங்கலாகக் காட்டும் சொல் பல ஆசிரியர்களைத் தவறான பக்கம் திருப்பிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி இலக்கணம். 'ஏறுசுருள்' வினைத்தொகை. ஏறிய, ஏறுகின்ற, ஏறும் என்று மூன்று காலத்தையும் அடக்கிக்கொள்வதால், பல ஆண்டுகளுக்கு நீளும் ஒரு கல்விமுறைக்கு இது நன்கு பொருந்துகிறது. ஊறுகாய், சுடுசோறு போன்றவற்றைப் போலவே இடையில் வல்லினம் மிகாது. மேலும், எண்களை 'ஏறுவரிசை'யில் எழுதப் பழகிய எந்த மாணவருக்கும் 'ஏறு' என்ற முன்னொட்டு புதியதன்று. 'ஏறுசுருட் கலைத்திட்டம்' என்று புணர்த்தி எழுதுவது மரபுக்கு நெருக்கமாக இருக்கலாம்; ஆனால் முதன்முறை படிப்பவர் 'சுருட்டு' என்று தடுமாறக்கூடும் ஆதலால், ளகரத்தை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

பின்பகுதியில் 'பாடத்திட்டம்' வேண்டா. 'கலைத்திட்டம்' என்றே இருக்கட்டும். ஓர் ஆண்டுக்கு ஒரு பாடத்தில் எவற்றை நடத்துவது என்ற பட்டியல் பாடத்திட்டம். பல ஆண்டுக் கல்வியையும் சேர்த்து வகுப்பது கலைத்திட்டம். ஒரே ஆண்டுக்குள் அடங்கும் பட்டியலில் ஏறுசுருளுக்கு இடமே இல்லை. பல வகுப்புகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் வடிவம் தெரியவரும். பொதுப்பேச்சில் 'ஏறுசுருள் முறை' என்ற சுருக்கம் போதும்.

துணைச்சொற்களையும் இப்போதே முடிவு செய்துவிடுவது நல்லது. ஒரு கருத்து ஒருமுறை தொடப்படும் காலப்பகுதியைச் 'சுற்று' எனலாம்: பின்னத்தின் முதற்சுற்று, இரண்டாம் சுற்று என்று எளிதாக வருகிறது. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே கூடும் கடினத்தை 'ஏற்றம்' எனலாம். முன்பு கற்ற கருத்துக்கே உயர்ந்த நிலையில் திரும்பி வருவதற்கு 'மீள்தொடுகை' என்று எழுதி வருகிறேன். தேர்வுக்கு முந்தைய திருப்புதலிலிருந்து இவ்வாறு திரும்பி வருவதை இச்சொல் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. ஆனால் வாயில் எளிதாக வரவில்லை. வகுப்பறையில் தயக்கமின்றிச் சொல்லக்கூடிய வேறு சொல் யாரிடமேனும் இருந்தால் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன்.