11 கணினி, 4 கடை: தொலைவிலிருந்து பார்க்க திறந்த மூலமா, காசு கட்டும் மென்பொருளா?

கொக்குவிலான்:
வணக்கம். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் இருக்கும் ஒரு ஹாட்வெயார் கடைக்குக் கணினி வேலை பார்க்கிறேன். சுன்னாகம், நெல்லியடி, கிளிநொச்சி என்று இன்னும் மூன்று கிளை இருக்கு, எல்லாமாக 11 கணினி. இரண்டு வருடமாக எல்லாருக்கும் தெரிந்த ஒரு ரிமோட் மென்பொருளின் இலவசப் பதிப்பைத்தான் பாவித்து வந்தேன். போன மாதத்திலிருந்து "வணிகப் பயன்பாடு" என்று காட்டி, சில நிமிடத்திலேயே இணைப்பை வெட்டுது. அவர்கள் பக்கம் நியாயம்தான், இலவசம் வீட்டுப் பாவனைக்கு மட்டும் என்று எழுதித்தான் இருக்கு, கடை வீடு இல்லை.

ஆனால் அது வெட்டிய நேரம் பொல்லாத நேரம். கிளிநொச்சியில் பில் அச்சடிக்கவில்லை, காசாளர் பிள்ளை போனில் என்னோடு, கவுண்டருக்கு முன்னால் சிமெந்து ஏற்ற வந்த லொறிக்காரர் மூன்று பேர். நான் உள்ளே போய் பிரிண்டர் பக்கத்தைத் திறக்க இணைப்பு போச்சு. பிறகு ஏ9 வீதியில் 60 கிலோமீற்றருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தால், முதன்மைப் பிரிண்டர் என்ற இடத்தில் பிடிஎப் தெரிவாகி இருந்திருக்கு. மாற்ற எடுத்தது 10 செக்கன்.

முதலாளிக்கு டொலரில் வருடக் கட்டணம் என்றாலே பயம். 2022 இல் சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதை அவர் இன்னும் மறக்கவில்லை. அதே நேரம் "நீ வேணுமெண்டு சொன்னால் கட்டுவம்" என்கிறார், அதுதான் எனக்குப் பொறுப்பாக இருக்கு. கனடாவில் இருக்கும் அவருடைய மகனும் கையிருப்பு விவரத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். ரஸ்ட்டெஸ்க் என்ற திறந்த மூல ரிமோட் மென்பொருளை நம்பி இறங்கலாமா? கடையில் பாவிக்க அதன் உரிமம் விடுமா?

வடமராட்சியான்:
தம்பி, உரிமம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம். கடையிலோ கந்தோரிலோ பாவிக்கத் தடை இல்லை. நிரலை மாற்றி மற்றவர்களுக்குக் கொடுத்தால், அல்லது மாற்றியதை வலையமைப்பு வழியாக மற்றவர்கள் பாவிக்க விட்டால்தான், மாற்றிய நிரலையும் திறந்து கொடுக்க வேண்டும்.

நான் எட்டு இடத்துக்கு ஓட்டுகிறேன். ரஸ்ட்டெஸ்க்கின் பொதுச் சேவையகத்தை நம்பாதீர்கள், சொந்தமாக ஒன்று வையுங்கள். மாதம் 5 டொலர் அளவில் ஒரு சின்ன விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் சேவையகம்) போதும், சிங்கப்பூரிலோ இந்தியாவிலோ எடுங்கள், ஐரோப்பாவில் எடுத்தால் மவுஸ் இழுபடும். அதில் இரண்டு நிரல் ஓடும்: எச்பிபிஎஸ் இரண்டு கணினிகளையும் அறிமுகம் செய்து விடும், எச்பிபிஆர் நேரடி இணைப்பு கிடைக்காதபோது தரவை நடுவில் நின்று கடத்தும். 4ஜி ரவுட்டர் உள்ள கிளைகள் பெரும்பாலும் பொது ஐபி (வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய இணைய முகவரி) இல்லாமல்தான் இருக்கும், அங்கே இரண்டாவதுதான் கை கொடுக்கும். விபிஎஸ்ஸில் டிசிபி போர்ட் (இணைப்பு வரும் வாசல்) 21115 இலிருந்து 21117 வரையும், யுடிபி போர்ட் 21116 ஐயும் திறந்து விடுங்கள்.

இனி நான் பட்ட பாடு. சேவையகம் முதல் தடவை ஓடும்போது ஒரு சோடிச் சாவிக் கோப்பை உருவாக்கும், பொதுச் சாவியை ஒவ்வொரு கிளைக் கணினியிலும் பதிய வேண்டும். ஒருமுறை விபிஎஸ்ஸை அழித்துப் புதிதாக நிறுவினேன், அந்தக் கோப்புகளைப் பிரதி எடுத்து வைக்கவில்லை. புதுச் சாவி வந்தது, எட்டு இடமும் ஒரே நேரத்தில் துண்டிப்பு. தொலைவிலிருந்து திருத்தவும் வழியில்லை, ஏனென்றால் தொலைவிலிருந்து போகும் வழியே அதுதான். இரண்டு நாள் பஸ்ஸில் அலைந்தேன். ஆகவே நிறுவிய அன்றைக்கே அந்தக் கோப்புகளை ஒரு பென்டிரைவில் போட்டு அலுமாரியில் வையுங்கள்.

இன்னொன்று, கிளைக் கணினியில் நிறுவாமல் சும்மா ஓட விட்டால் விண்டோஸ் அனுமதி கேட்கும் பெட்டி வரும்போது உங்களால் "ஓம்" என்று அமத்த முடியாது. முறைப்படி நிறுவுங்கள்.

கணக்கு அக்கா:
நான் காசு கட்டுகிற பக்கம், அதை மறைக்கவில்லை. எனக்கு வரும் அழைப்புகள் வேறு மாதிரி. இன்றைக்குக் கொழும்பில் ஒரு வாடிக்கையாளர், நாளைக்கு வவுனியாவில் இன்னொருவர், அவர்கள் ஒரு இலக்கத்தை வாசிக்க வேண்டும், நான் உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். அவர்களிடம் போய் சேவையக முகவரி, சாவி என்று கதைத்தால் போனை வைத்து விடுவார்கள். யார் எப்போது எந்தக் கணினிக்குள் போனார் என்ற பதிவும் எனக்குத் தேவை, ரஸ்ட்டெஸ்க்கில் அது காசு கட்டும் ப்ரோ சேவையகத்தில்தான் வருகிறது.

பாதுகாப்பு விசயத்தில் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். 2024 பெப்ரவரியில் எனிடெஸ்க் என்ற ரிமோட் மென்பொருள் நிறுவனம் தங்கள் சேவையகங்களுக்குள் ஆள் புகுந்ததை அறிவித்து, சான்றிதழை மாற்றிப் புதுப் பதிப்புக்கு வரச் சொன்னது. பெரிய நிறுவனம் என்றால் நடக்காது என்று இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடித்து, நிறுத்தி, ஊருக்குச் சொல்ல அங்கே ஆட்கள் இருந்தார்கள். உங்கள் 5 டொலர் விபிஎஸ்ஸுக்குள் ஒருவன் புகுந்தால் யார் பார்ப்பது? நீங்கள்தான். காய்ச்சலில் படுத்திருந்தாலும் நீங்கள்தான். முதலாளியிடம் டொலர் கணக்குக் காட்டும்போது, மாதத்தில் இத்தனை மணித்தியாலம் இதற்குப் போகும் என்ற கணக்கையும் சேர்த்துக் காட்டுங்கள்.

மானிப்பாய் வயர்மன்:
யாராவது "ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்து விட்டு, விண்டோஸோடு வரும் ரிமோட் வசதியான ஆர்டிபியையே பாவியும்" என்று சொன்னால் தயவு செய்து கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் அப்படித் திறந்து வைத்து, ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் பில் தரவு எல்லாம் பூட்டுப் போட்ட கோப்பாக இருந்தது, திரையில் காசு கேட்டு ஒரு கடிதம். பின்பிரதியும் அதே கணினியில். நான்கு வருடக் கடன் கொப்பி போச்சு. போர்ட் இலக்கத்தை மாற்றி வைப்பதும் காப்பாற்றாது, தேடித் திரிகிறவர்கள் எல்லா இலக்கத்தையும் தட்டிப் பார்ப்பார்கள்.

ஆர்டிபி கெட்டது இல்லை, ஆனால் திறந்த இணையத்தில், வீதியில் வைத்த மாதிரி வைக்கக் கூடாது. அந்த விபிஎஸ்ஸிலேயே வயர்கார்ட் என்ற விபிஎன் (மறையாக்கிய தனி வலையமைப்பு) போட்டு, கிளைகளை அதற்குள் கொண்டு வாருங்கள், கீப்அலைவ் (இணைப்பு விழாமல் இடைக்கிடை அனுப்பும் சிறு செய்தி) 25 செக்கன் என்று வைத்தால் 4ஜி பக்கமும் விழாது. ஆனால் விண்டோஸ் ஹோம் பதிப்புக்குள் ஆர்டிபியால் போக முடியாது, விண்டோஸ் ப்ரோ வேண்டும். நீங்கள் உள்ளே போனதும் அந்தப் பக்கத் திரை பூட்டிக் கொள்ளும், காசாளர் பிள்ளைக்குக் காட்டிக் காட்டிச் சொல்லிக் கொடுக்க முடியாது. உங்கள் சொந்த வேலைக்கு ஆர்டிபி, கடைப்பிள்ளைகளுக்கு உதவ ரஸ்ட்டெஸ்க், இரண்டையும் வைத்திருங்கள்.

கனடா மகனுக்குத் திரையைக் கொடுக்கவே வேண்டாம். இங்கே கடை பூட்டும் நேரம் ரொறொன்ரோவில் காலை, கையிருப்பு அறிக்கையைத் தானாக மின்னஞ்சலில் அனுப்ப வைத்து விடுங்கள்.

இன்னொரு விசயம், இதை ஒருவரும் சொல்லவில்லை. கரண்ட் போய் வந்தால் கணினி தானாக எழும்புமா? பயோஸில் (விண்டோஸுக்கு முன் வரும் கணினியின் அடிப்படை அமைப்பில்) மின்சாரம் திரும்பியதும் இயங்கும்படி வைக்க ஒரு தெரிவு இருக்கும். அதைப் போடாவிட்டால் எந்த மென்பொருள் வாங்கினாலும் செத்த கணினிக்குள் போக முடியாது.

கொக்குவிலான்:
எல்லாருக்கும் நன்றி. நான்கு நாள் எடுத்தது. இப்போதைக்கு கிளைக்கு ஒரு கணினி என்று நான்கில் ரஸ்ட்டெஸ்க் ஓடுது. சாவிக் கோப்பு பென்டிரைவில் இருக்கு, ஒன்று என்னிடம், ஒன்று முதலாளியின் மேசை லாச்சிக்குள். வயர்மன் அண்ணை சொன்ன பயோஸ் தெரிவு நான்கில் மூன்றில் போடப்படாமல்தான் இருந்தது. அக்கா, நீங்கள் சொன்ன மணித்தியாலக் கணக்கையும் முதலாளியிடம் எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் கட்டுவோம் என்றார்.

ஒரே ஒரு சிக்கல். நான் இங்கிருந்து பாமினி விசைப்பலகை முறையில் தமிழில் பொருளின் பெயர் அடித்தால் அந்தப் பக்கம் வேறு எழுத்து விழுது.

வடமராட்சியான்:
உங்கள் பக்க விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே விடுங்கள் தம்பி, தமிழை அந்தப் பக்கக் கணினியில் மட்டும் மாற்றுங்கள். பிறகு ரஸ்ட்டெஸ்க் மேல்பட்டியில் விசைப்பலகை முறையை "மேப்" என்று வையுங்கள், நீங்கள் அமத்துகிற விசை அப்படியே போகும்.