கடற்கரை – தாம்பரம் மீட்டர் கேஜ் ரயில் எப்போது நின்றது?

சானடோரியம்காரன்:
பக்கத்து இழையில் எழும்பூரான் இப்படி எழுதியிருக்கிறார்: "எழும்பூருக்கு அகலப்பாதை வந்த தொண்ணூறுகளின் கடைசியிலேயே கடற்கரை – தாம்பரம் மீட்டர் கேஜ் வண்டிக்கு மூடுவிழா நடந்துவிட்டது." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் போன அந்தக் குட்டி லோக்கல் 2004 வரை ஓடியது ஐயா! 2003இல் சீசன் டிக்கெட் எடுத்து தினமும் சானடோரியத்திலிருந்து பூங்கா ஸ்டேஷன் வரை அதில்தான் போனேன். சைதாப்பேட்டையை விட்டு அடையாற்றுப் பாலத்தில் ஏறியதும் சத்தம் மாறும். அதுவரை தடதடவென்று வந்த வண்டி, பாலத்தில் அண்டாவைத் தட்டுவது போல ஒலிக்கும். கண்ணை மூடிக்கொண்டு இருந்தாலும் அடுத்தது கிண்டி என்று தெரிந்துவிடும். இதையெல்லாம் நான் கனவிலா கண்டேன்?

எழும்பூரான்:
கனவு என்று நான் சொல்லவில்லை, வருடம்தான் தப்பு. தொண்ணூறுகளின் கடைசியில் திருச்சிக்குப் போக எழும்பூரில் ஏறினேன். அகலப்பாதை வண்டி. டிக்கெட், பெட்டி எல்லாம் நினைவிருக்கிறது. அப்புறம் மீட்டர் கேஜ் எங்கிருந்து வந்தது?

சானடோரியம்காரன்:
திருச்சிக்குப் போனது எக்ஸ்பிரஸ். நான் பேசுவது லோக்கல். நீங்கள் தாம்பரம் வழியாகப் போனபோது பக்கத்துத் தடத்தைப் பார்த்திருந்தால் குட்டி வண்டி ஓடியது தெரிந்திருக்கும். பார்க்கவில்லை என்றால் அது வண்டியின் குற்றமா? 2004.

மாம்பலம் மாமி:
"நின்றது" என்று எதைச் சொல்கிறீர்கள் என்று இருவரும் முதலில் சொல்லிவிடுங்கள். எக்ஸ்பிரஸ் வேறு, லோக்கல் வேறு. இரண்டும் ஒரே நாளில் மாறவில்லை.

எழும்பூரான்:
மாமி, எனக்கு விளக்கம் வேண்டாம். அகலப்பாதை வந்தாயிற்று என்றால் வந்தாயிற்றுதான்.

கோட்டை வாசி:
எழும்பூரான் சொல்வதுதான் சரி. 1997இலேயே கோட்டை ஸ்டேஷனில் அகலமான மின்சார ரயிலில் ஏறியிருக்கிறேன். மீட்டர் கேஜ் பெட்டி சுமார் 9 அடி அகலம், இது 12 அடி. உள்ளே போனதுமே வித்தியாசம் தெரியாதா?

சானடோரியம்காரன்:
நீங்கள் ஏறியது தூண்கள் மேல் போகும் பறக்கும் ரயில்! 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை வந்தது, 1997இல் திருமயிலை வரை நீண்டது. அது பிறந்ததிலிருந்தே அகலப்பாதை. கடற்கரையிலும் கோட்டையிலும் இரண்டு வண்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். சேப்பாக்கத்தில் இறங்கினீர்களா, எழும்பூரில் இறங்கினீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள்.

கோட்டை வாசி:
எங்கே இறங்கினால் என்ன? ஏறியது அகல வண்டி. அதைத்தான் சொன்னேன்.

சானடோரியம்காரன்:
எங்கே இறங்கினீர்கள்?

ஆவடி அண்ணன்:
இந்தத் தாம்பரம்காரர்களுக்கு எப்போதுமே சென்னையில் ஓடியது அவர்கள் ரயில் மட்டும்தான் என்ற நினைப்பு. எங்கள் ஆவடி, அரக்கோணம் பக்கம் என்றைக்கும் அகலப்பாதைதான். ஜன்னலோரம் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் முழங்கால் இடிக்காது. தீப்பெட்டி வண்டிக்கு இவ்வளவு கண்ணீர் எதற்கு?

சானடோரியம்காரன்:
தீப்பெட்டியா? அண்ணே, அந்தத் தீப்பெட்டி 1931இலேயே மின்சாரத்தில் ஓடியது. உங்கள் பக்கம் அப்போது கரிவண்டி. தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் ஊரானதே அந்தத் தீப்பெட்டியால்தான். காலை எட்டு மணிக்கு மாம்பலத்தில் இறங்கும் கூட்டத்தைப் பார்த்திருந்தால் இப்படிச் சொல்லமாட்டீர்கள்.

சேத்துப்பட்டு சீனு:
1931! இந்தியாவின் முதல் மின்சார ரயில் நம்முடையது என்பதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். பெருமையாக இருக்கிறது.

எழும்பூரான்:
சீனு, முதல் மின்சார ரயில் பம்பாயில், 1925. விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை. வருடம் தெரியாமல் பெருமை பேசுவது இந்தக் குழுவின் வியாதியாகிவிட்டது.

சேத்துப்பட்டு சீனு:
மீட்டர் கேஜில் முதல் என்று சொல்ல வந்தேன்.

எழும்பூரான்:
சொல்லவில்லையே.

சானடோரியம்காரன்:
மீட்டர் கேஜில் நாம்தான் முதல், சீனு சொல்வது சரி. முதலில் 1500 வோல்ட் நேர் மின்சாரம். அறுபதுகளில்தான் 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றினார்கள். எழும்பூராருக்கு வருடம் என்றால் இவ்வளவு அக்கறை இருக்கிறதே, அதே அக்கறையை 2004இலும் காட்டலாம். போன மாதம் வைகை எக்ஸ்பிரஸ் 1977 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது என்று நான் எழுதியபோதும் "ஆதாரம் எங்கே" என்று மூன்று நாள் நின்றவர் இவர்தான். கடைசியில் ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லவே இல்லை.

எழும்பூரான்:
வைகையை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? அந்த இழையில் என்னை "ஊர் தெரியாதவர்" என்றீர்கள். நான் எழும்பூரில் பிறந்தவன். வீட்டு மாடியிலிருந்து ஸ்டேஷனின் சிவப்புக் கட்டடம் தெரியும். அதை மறக்கமாட்டேன்.

மாம்பலம் மாமி:
அட்டை டிக்கெட் யாருக்காவது நினைவிருக்கிறதா? கட்டை விரல் அளவு, கெட்டியாக இருக்கும். கவுன்டரில் தேதி அடிக்கும் சின்ன இயந்திரத்துக்குள் சொருகி எடுத்தால் 'டக்' என்று ஒரு சத்தம். என் அப்பா அதைக் கைக்கடிகாரத்தின் பட்டைக்குள் செருகிக்கொண்டுதான் வண்டி ஏறுவார். இறங்கும்போது எடுத்தால் வியர்வையில் ஒரு ஓரம் வளைந்திருக்கும்.

ஆவடி அண்ணன்:
அட்டை டிக்கெட் எங்களிடமும் இருந்தது மாமி. தாம்பரம்காரர்களுக்கு மட்டும் அச்சடிக்கவில்லை.

பரங்கிமலைப் பையன்:
மவுண்ட் ஸ்டேஷனில் வண்டி நிற்பதற்குள் குதித்தவன் நான். அந்தப் பெட்டி தாழ்வு, அகலப்பாதைப் பெட்டியில் அப்படி முடியாது.

எழும்பூரான்:
மவுண்ட் என்கிறீர்கள், பரங்கிமலை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்.

பரங்கிமலைப் பையன்:
எங்கள் வீட்டில் இரண்டும்தான் சொல்வோம். உங்களைக் கேட்டுக்கொண்டா பேச வேண்டும்?

சானடோரியம்காரன்:
பேச்சை மாற்ற வேண்டாம். பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை என்று ஒவ்வொரு பிளாட்பாரத்திலும் எத்தனையாவது தூணுக்கு எதிரே பெண்கள் பெட்டி நிற்கும் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வார். கல்யாணமான புதிதில் குரோம்பேட்டையில் அவர் ஏறுவார், நான் அடுத்த பெட்டியில் இருப்பேன். பூங்காவில் இறங்கிச் சுரங்கப்பாதை வாசலில் சந்திப்போம். எங்களுக்குக் கல்யாணம் 2002 தை மாதம். அந்த வண்டி தொண்ணூறுகளிலேயே போய்விட்டது என்றால் நாங்கள் எதில் வந்தோம்?

எழும்பூரான்:
வாழ்த்துகள். ஆனால் கல்யாணப் பத்திரிகை ரயிலுக்கு ஆதாரமாகாது.

சானடோரியம்காரன்:
கல்யாணத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமையில்லை. ஆதாரம்தானே? 2003 சீசன் டிக்கெட் பீரோவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேடி எடுத்துப் படம் போடுகிறேன்.

எழும்பூரான்:
சீசன் டிக்கெட்டில் மீட்டர் கேஜ் என்று அச்சடித்திருக்குமா?

சானடோரியம்காரன்:
தாம்பரத்தில் யாரையாவது நிறுத்திக் கேளுங்கள். 2004. கோட்டை வாசி, நீங்கள் எங்கே இறங்கினீர்கள் என்று இன்னும் சொல்லவில்லை.

கோட்டை வாசி:
அகலமான வண்டிதான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.