கேம் வைத்து இயற்பியல் நடத்தினவங்க, மறக்க முடியாத ஒரு தருணத்தைச் சொல்லுங்க

சுற்றுப்பாதை
கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம், ராக்கெட் ஓட்டும் கேம். 100 கி.மீ. உயர வட்டப்பாதையில் ரெண்டு கலம். முன்னால் போவதைப் பிடிக்கணும். மாணவி அதைக் குறிவைத்து எஞ்சினை ஓட்டினாள். ஒரு சுற்று முடிந்து பார்த்தால் இடைவெளி கூடியிருக்கிறது. "வேகத்தைக் கூட்டினேன், எப்படிப் பின்னால போனேன்?"

முன்பக்கம் தள்ளினால் பாதையின் மறுபக்கம் உயரும், சுற்றுக்காலம் நீளும். அந்த உயரத்தில் வேகம் நொடிக்கு 2,246 மீட்டர், ஒரு சுற்றுக்கு 32½ நிமிஷம். மூக்கைத் திருப்பி நொடிக்கு 20 மீட்டர் குறைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் 50 நொடிக்கு மேல் மிச்சமாகும், இடைவெளியில் ஏறக்குறைய 115 கி.மீ. குறையும். ஆசைப்பட்டு 30 குறைத்தால் பாதையின் தாழ்புள்ளி 64 கி.மீ.க்கு இறங்கிவிடும். அந்த கேமின் கோளில் வளிமண்டலம் 70 கி.மீ. வரை இருக்கிறது, கலம் உரசும். பாதை பெரிதானால் சுற்றுக்காலமும் நீளும் என்ற கெப்ளரின் மூன்றாம் விதியைப் போர்டில் எழுத வேண்டிய நேரம் அதுதான்.

பரவளையம்
கவணில் பறவையை எறியும் ஆங்ரி பேர்ட்ஸைத் திரைப்பதிவு செய்து, வீடியோவில் நகர்வதை அளக்கும் டிராக்கர் மென்பொருளில் பறவையை ஃபிரேம் ஃபிரேமாகக் குறிக்கும் பாடம். நேரத்தின் வர்க்கத்துக்கு முன்னால் வந்த கெழுவை ஒரு பையன் அப்படியே ஈர்ப்பு முடுக்கம் என்று எழுதிவிட்டான். அது பாதிதான், இரண்டால் பெருக்கணும். இன்னொரு தொல்லை, பறவை பறக்கும்போது காட்சி பெரிதாகிச் சிறிதாகும். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஆதிப்புள்ளியையும் அளவுகோலையும் சரிசெய்யாவிட்டால் பரவளையம் நெளியும். செல்போன் பதிவில் ஃபிரேம் வேகம் மாறிக்கொண்டே இருக்கும், நொடிக்கு நிலையான 30 ஃபிரேமுக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். முடுக்கம் 9.8 என்று வைத்து அளவுகோலைக் கணக்கிட்டால் கவண் ஏறக்குறைய 5 மீட்டர் உயரம்! வகுப்பே வாய்பிளந்தது.

கனசதுரம்
மேலே 'பரவளையம்' சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. 9.8-ஐ நாமே உள்ளே வைத்துவிட்டால் அளப்பதற்கு என்ன மிச்சம்? மைன்கிராஃப்டில் ஒரு கட்டை 1 மீட்டர், அளவுகோல் கையிலேயே இருக்கிறது. நொடிக்கு 20 முறை கணக்கு ஓடும். ஒவ்வொரு முறையும் விழும் வேகத்தில் (முறைக்கு இத்தனை கட்டை என்ற கணக்கில்) 0.08 கூடி, பிறகு 0.98-ஆல் பெருக்கப்படும். தொடக்க முடுக்கம் நொடிக்கு நொடி 32 மீட்டரை ஒட்டி வரும், உச்ச வேகம் நொடிக்கு 78.4 மீட்டரில் நிற்கும். வேக வரைபடத்தில் கோடு வளைவதைப் பார்த்ததும் ஒரு மாணவி "இங்க காத்து இருக்கு" என்றாள். ஆனால் அந்தத் தடை வேகத்துக்கு நேர்விகிதம். நிஜக் காற்றில் வேகத்தின் வர்க்கத்துக்கு. இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

எறிகோணம்
ஃபெட் (PhET) என்ற இணையப் பாவனையில் வரும் பீரங்கியில் 30 பாகைக்கும் 60 பாகைக்கும் ஒரே வீச்சா என்று இரண்டு குழுக்களுக்குள் சண்டையே வந்தது. ஒரு குழுவின் பீரங்கி 10 மீட்டர் உயரத்தில் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. நொடிக்கு 15 மீட்டரில், தரையிலிருந்து சுட்டால் இரண்டுக்கும் 19.9 மீட்டர், 10 மீட்டர் மேலிருந்து 30 பாகைக்கு 31, 60 பாகைக்கு 24.5.

கேட்காமலே ஒரு யோசனை. எந்த கேமாக இருந்தாலும் திரையைத் திறக்கும் முன் வரைபடத்தைத் தாளில் வரைய வையுங்கள், பேனாவால், அழிக்க முடியாதபடி. ஒரே ஒரு மாறியை மட்டும் தொட விடுங்கள். காற்றுத் தடையை முதல் சுற்றில் அணைத்து வையுங்கள். ஒரு கணினிக்கு இருவர்: ஒருவர் ஓட்ட, மற்றவர் குறிக்க, பத்து நிமிஷத்தில் இடம் மாறணும். மூன்று பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் வேடிக்கைதான் பார்ப்பார். தாளில் வரைந்ததும் திரையில் வந்ததும் எங்கே பிரிகிறதோ, அந்த இடத்தில் கேமை நிறுத்திவிட்டு "ஏன்?" என்று கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டால் பதில் வராது.