அபொஸ்ட்ரஃபியிடம் நாங்கள் தோற்ற இடங்கள்

கொட்டாஞ்சேனை உறுப்பினர்:

ஆமர் வீதிக்கு அருகே ஓர் அச்சகத்தில் பதினொரு ஆண்டுகள் ஒப்புநோக்குநராக இருந்தேன். தமிழில் ஒற்று மிகுந்ததென்றோ மிகவில்லையென்றோ ஒருவரும் என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை. உடைமையைக் காட்டவும் விழுந்த எழுத்தைக் காட்டவும் ஆங்கில எழுத்தின் தோளருகே தொங்கும் அபொஸ்ட்ரஃபி (') என்ற அந்தச் சிறு குறிக்காக வந்திருக்கிறார்கள். கல்கிசை சென். தோமஸ் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர், ஒன்றுகூடலுக்கான அழைப்பிதழை அச்சிடத் தந்தார். அவருடைய பிரதியில் தோமஸ் என்ற பெயரின் கடைசி எஸ் எழுத்தை அடுத்துக் குறி மட்டும் நின்றது (Thomas'). ஒருவரின் பெயரானால் குறிக்குப் பின் இன்னுமோர் எஸ் வரவேண்டும் என்று நான் படித்திருந்ததை நம்பி, அவரைக் கேளாமலே அதைச் சேர்த்து முந்நூறு அட்டைகளை ஓடவிட்டேன். வந்து பார்த்தவர் குரலை உயர்த்தவில்லை. "தம்பி, 1851 ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளிக்கூடம் தன் பெயரை எப்படி எழுதுவதென்று உம்மிடமா கேட்கவேண்டும்?" என்றார். எஸ் எழுத்தில் முடியும் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் இரு வழக்குகளும் உண்டு என்பதும், நிறுவனம் தன் பெயருக்கு எதைத் தேர்ந்ததோ அதுவே சரி என்பதும் அன்றுதான் விளங்கின. அட்டைகளின் செலவு என் சம்பளத்தில் கழிந்தது.

பிறகு கொழும்புப் பெயர்களையே பாடமாக வைத்துக்கொண்டேன். பிஷப்ஸ் கல்லூரியில் ஆயர் ஒருவர். ஆகவே குறி எஸ்ஸுக்கு முன்னால் நிற்கிறது. லேடீஸ் கல்லூரியில் பெண்கள் பலர். பன்மைக்குரிய எஸ் ஏற்கெனவே இருப்பதால் குறி அதற்குப் பின்னால் போகிறது. மக்கள் வங்கியின் ஆங்கிலப் பெயரிலோ 'பீப்பிள்' என்பது எஸ் இல்லாமலே பன்மை என்பதால், குறியை இட்ட பின்னரே எஸ் சேர்கிறது. உடையவரைக் குறிக்கும் சொல்லை முதலில் முழுதாக எழுதிவிட்டு, அது முடிந்த இடத்தில் குறியை வைத்தால் பெரும்பாலும் தவறாது.

வெள்ளவத்தை உறுப்பினர்:

எங்கள் மாமாவின் சாப்பாட்டுக் கடைக்கு விலைப்பலகை எழுத வந்தவர் ரோல்ஸ், கட்லட்ஸ், சமோசாஸ் எல்லாவற்றிலும் எஸ்ஸுக்கு முன்னால் அந்தக் குறியை இட்டுவிட்டுப் போனார். வெறும் பன்மைக்கு அது வேண்டியதில்லை. இங்கிலாந்தில் இதைக் காய்கறிக் கடைக்காரரின் அபொஸ்ட்ரஃபி என்றே கேலி செய்வார்கள். அழிக்கச் சொன்னேன். "இல்லாவிட்டால் மொட்டையாகத் தெரியும், இருக்கட்டும்" என்றார் மாமா. இன்னும் இருக்கிறது.

கோட்டையில் பணிபுரியும் உறுப்பினர்:

கொட்டாஞ்சேனை ஐயா சொன்ன வழி பெயர்ச்சொற்களுக்குப் பொருந்தும். என்னைக் கவிழ்த்தது 'இட்ஸ்' என்ற சொல். 'இட் இஸ்', 'இட் ஹாஸ்' ஆகியவை சுருங்கும்போது விழுந்த எழுத்துகளின் இடத்தில் குறி நிற்கும். 'அதனுடைய' என்ற பொருளில் வரும்போது குறி கிடையாது. ஒலியிலோ இரண்டும் ஒன்றே. அலுவலகத்தின் ஆண்டறிக்கை வரைவில் நான் 'அதனுடைய' என்று எழுத நினைத்த பதினான்கு இடங்களிலும் குறியை இட்டிருந்தேன். மேலாளர் ஒவ்வொன்றையும் 'இட் இஸ்' என்று விரித்துச் சத்தமாக வாசித்துக் காட்டினார். அந்த வெட்கத்தில் கற்றதே எனக்கு இன்றும் உதவுகிறது: விரித்து வாசித்துப் பொருள் வந்தால் குறி உண்டு, வராவிட்டால் இல்லை. 'ஹிஸ்', 'அவர்ஸ்' ஆகியவற்றுக்கும் குறி இல்லை என்பதை நினைத்தால் இது எளிதாகும். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் படித்த ஆங்கிலேயரே 'அதனுடைய' என்பதற்கும் குறியிட்டு எழுதினார்கள் என்று பின்னர் அறிந்தபோது சற்று ஆறுதலாக இருந்தது.

நாம் தடுமாறுவதற்கு ஒரு காரணம் தமிழிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 'காசு இல்லை' என்பது 'காசில்லை' ஆகும்போது, போன உகரத்துக்கு நாம் அடையாளம் வைப்பதில்லை. ஆங்கிலமோ விழுந்த எழுத்துக்குக் கல் நட்டு வைக்கும் மொழி. உடைமையைக் காட்டும் குறியும்கூட, பழைய ஆங்கிலத்தில் இருந்த விகுதியின் இ (e) எழுத்து போன இடந்தான். ஆனால் 'வில் நொட்' ஏன் 'வோண்ட்' ஆயிற்று என்பதற்கு அந்தக் கல் உதவாது. அது 'வொல்' என்ற பழைய வடிவத்திலிருந்து வந்தது.

இவ்வளவும் தெரிந்திருந்தும், நேற்று மேலாளருக்கு அனுப்பிய குறுஞ்செய்தியில் என் கைப்பேசி தானாகவே அந்தக் குறியைச் சேர்த்துவிட்டது. அனுப்பிய பின்னரே கண்டேன்.