டிசம்பர் லீவுக்கு இந்தியக் கடற்கரை: நம்மட கடல் இருக்க அது தேவையா?

கல்லடிக்காரி
போன டிசம்பர் லீவில நாங்க குடும்பமா கேரளாவுக்கும் கோவாவுக்கும் போய் வந்த படங்களைப் போட்டதும், கீழ வந்த கேள்வி எல்லாம் ஒண்டுதான்: “மட்டக்களப்பில பாசிக்குடாவை வெச்சிக்கொண்டு காசை இந்தியாவில கொட்ட வேணுமா?” அதுக்கு இங்க பதில் சொல்றன்.

கொழும்பிலருந்து திருவனந்தபுரத்துக்கு விமானத்தில ஒரு மணித்தியாலம் அளவுதான். இங்கயிருந்து கொழும்புக்குப் போறதுதான் பெரிய பயணம். முதல்ல கோவளம். சின்னச் சின்னக் குடா பக்கத்துப் பக்கத்தில, நடுவில பாறை, ஒரு முனையில சிவப்பு வெள்ளை வெளிச்சவீடு. மேல ஏறிப் பார்க்க விடுறாங்க. மறுகா வர்கலா. கடலுக்கு நேர மேல செம்பாறைக் குன்று, குன்று விளிம்பில நடைபாதை, கீழ பாபநாசக் கடற்கரை. பாறைக்குள்ளருந்து நல்ல தண்ணி ஊத்தாக வருது. கோவாவில வடக்குப் பக்கம் பாகா, கலங்கூட் எல்லாம் சனக்கூட்டம், சத்தம். எங்களுக்குப் பிடிக்கல்ல. தெற்கில பாலோலெம் பிடிச்சது. பிறைவடிவக் குடா, அலை குறைவு, கனதூரம் நடந்து போகலாம்.

கடல் அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குப் பெரிசாத் தெரிஞ்சது, கடலுக்குப் பொறுப்பா ஆள் நிக்கிறதுதான். உயிர்காப்பாளர் காலையிலருந்து நிக்கிறார். சிவப்புக் கொடி நட்ட இடத்தில இறங்கினா விசில் அடிச்சு வெளிய எடுக்கிறார். கல்லடிக் கடலில வருசா வருசம் பொடியன்களைப் பறிகுடுத்த ஊர்க்காரி நான். அங்க அந்த விசில் சத்தம் கேட்டப்போ எனக்கு எப்படி இருந்திருக்கும் எண்டு இந்த ஊர்ச்சனத்துக்குச் சொல்லத் தேவையில்ல. போன காசுக்கு வருத்தமில்ல.

வாழைச்சேனைத் தோணி
அக்கா, உயிர்காப்பாளர் கதைக்கு நான் எதிர்ப் பேச்சுப் பேச மாட்டன், அது நியாயம். ஆனா மிச்சத்துக்குப் பேசுவன். பாலோலெம் பிறைபோல, அலை குறைவு, கனதூரம் நடக்கலாம் எண்டு எழுதியிருக்கிறீங்க. நீங்க எழுதினது பாசிக்குடாவை! முருகைக்கல் அலையை வெளிய மறிச்சு வெச்சிருக்கிறதால இடுப்பளவு தண்ணியில எவ்வளவு தூரம் போகலாம் எண்டு சின்னப் புள்ளைக்கும் தெரியும். மட்டக்களப்பு டவுனிலருந்து 35 கிலோமீற்றர். விசா வேணாம்.

இந்திய ரூபாய் ஒண்டுக்கு நம்மட காசு மூண்டு ரூபாய்க்கு மேல இப்ப. 2022க்கு முதல் மூண்டுக்குக் கீழ இருந்தது. அந்தக் காசு இங்க நிண்டா தோணிக்காரன், கரைவலைக்காரன், மரவள்ளிப் பொரியல் விக்கிற அம்மா எல்லார்ட கையிலயும் போகும். யுத்தத்துக்குப் பிறகு பெரிய ஹோட்டல்கள் வந்தது, வேலை வரும் எண்டாங்க. வெளியூர் ஆள் எடுத்த வேலைதான் கூட. உள்ளூர்ச் சனம் வந்து போனாத்தான் எங்கட சின்னக் கடைகள் நிண்டு பிடிக்கும். நீங்க வராட்டி ஆர் வாறது?

பொத்துவில் காக்கா
ரெண்டு பேரும் காத்தை விட்டுட்டுக் கதைக்கிறீங்க. நான் அறுகம்பையில சேர்ஃபிங், அதான் அலைச்சறுக்கு, ஆக்களோட வேலை செய்யிறவன், கொஞ்சம் சொல்றன்.

நம்மட கரைக்கு சீசன் ஏப்ரலிலருந்து செப்டெம்பர் வரை. தென்மேற்குக் கச்சான் காத்து தரையிலருந்து கடலுக்கு அடிக்கிற காலம் கிழக்குக் கடல் படுத்துக் கிடக்கும். அறுகம்பை முனையில அலை வரும், ஆனா அது தெற்கிலருந்து வாற அலை, சேர்ஃபிங்குக்கு நல்லது. 1942 ஏப்ரலில ஜப்பான்காரன் தாட்ட ஹேர்மிஸ் கப்பலை மட்டக்களப்புக் கடலுக்குள்ள போய்ப் பார்க்கிற டைவிங் ஆக்கள் வாறதும் இந்த மாசங்களிலதான். ஒக்டோபர் கடைசியில வடகிழக்கு வாடைக் காத்து திரும்பினா எல்லாம் மாறும். மழை, கலங்கல், கரையில அறையிற அலை. பாசிக்குடாவுக்குள்ளயும் டிசம்பரில அந்தக் கண்ணாடித் தண்ணி இல்ல.

இந்தியாட மேற்குக் கரைக்கு இது அப்படியே மறுபக்கம். ஜூன் தொடக்கத்தில கேரளாவில தென்மேற்குப் பருவமழை இறங்கும், கோவாவில கரைக் கடைகளைக் கழட்டி வெச்சிருவாங்க. மழை ஓய்ஞ்ச பிறகுதான் திரும்பக் கட்டுவாங்க. டிசம்பரில அங்க வானம் வெளுத்து, கடலும் அடங்கி இருக்கும். அதனால அக்கா போன மாசம் சரி. ஆனா அதே இடத்துக்கு ஆகஸ்ட் லீவில போயிருந்தா கரையில நிண்டு மழையைத்தான் பார்த்திருப்பா.

தமிழ்நாட்டுக் கரைக்கு டிசம்பரில போறவங்களுக்கும் ஒரு சொல். மாமல்லபுரம், புதுச்சேரி, மெரினா எல்லாம் நம்மட கடல்தான், அதே வங்காள விரிகுடா, அதே வாடை. மெரினாவில இழுவை எக்காலமும் மோசம், கால் நனைக்கிறதோட நிண்டுக்கோங்க.

வாழைச்சேனைத் தோணி
காக்கா, காத்துக் கணக்கு எனக்கும் தெரியும், நான் கடலில போறவன். டிசம்பரில கிழக்கு சரியில்ல எண்டா தெற்கு இருக்கே. உனவட்டுன, மிரிஸ்ஸ, ஹிக்கடுவ எல்லாம் டிசம்பரிலருந்து மார்ச் வரை அருமையான கடல். நாட்டை விட்டுப் போக என்ன தேவை?

கல்லடிக்காரி
தம்பி, நாங்க அதையும் விசாரிச்சம். கிறிஸ்மஸ் கிழமையில தெற்குக் கரையில அறை விலை டொலரில சொன்னாங்க. வெளிநாட்டு ஆக்களுக்கு வெச்ச விலை. கோவாவிலயும் டிசம்பர் கடைசிக் கிழமையில விலை பல மடங்கு ஏறும், அதை மறைக்க மாட்டன். நாங்க கேரளாவை முதல்ல முடிச்சு, கோவாவுக்கு ஜனவரி பிறந்த பிறகு போனம்.

கல்முனை ராத்தா
எல்லாரும் அலை, காசு, காத்து எண்டு கதைக்கிறீங்க. பொம்புளைகள் எங்க குளிக்கிறது எண்டு ஒருத்தரும் கேக்கல்ல.

ஞாயிற்றுக்கிழமை பாசிக்குடாவுக்குப் போங்க. பொதுமக்கள் இறங்கிற பக்கம் பஸ் பஸ்ஸா ஆக்கள், ஸ்பீக்கர் பாட்டு, குடிச்ச பொடியன்கள், மணலுக்குள்ள போத்தில் ஓடு. என்ட மகள்மாரோட நான் தண்ணியில இறங்கினா ஊரே பார்க்கும். அடுத்த நாள் ஆரோ ஒருத்தர் மாமிட காதில போட்டிருப்பார். நான் பொறந்து வளர்ந்தது கடலடியில, ஆனா கலியாணத்துக்குப் பிறகு நம்மட கடலில நான் கழுத்தளவு இறங்கினதில்ல.

நாங்களும் கோவா போனம். பாலோலெம்மில முழு உடுப்போட, தலைத்துணியோட வெள்ளன ஆறரை மணிக்கே இறங்கினம். பக்கத்தில ஒரு வயசான வெள்ளைக்காரச் சோடி, அங்கால ஒரு மராத்திக் குடும்பம். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல்ல. என்ட மூத்த புள்ள அங்கதான் மிதக்கப் பழகினா. அதுக்கு எவ்வளவு சல்லி போனாலும் நான் குடுப்பன்.

இந்தியா முழுக்க அப்படி எண்டு நினைச்சிராதீங்க. கோவளத்தில சனிக்கிழமை பின்னேரம் ஒரு கூட்டம் போனைத் தூக்கிக்கொண்டு குளிக்கிற பொம்புளைகளை வீடியோ எடுத்தானுகள். எங்க போறம் எண்டதோட எந்த நாள், எந்த நேரம் எண்டதும் சேரும்.

வாழைச்சேனைத் தோணி
ராத்தா, நீங்க சொல்றது உண்மை, எனக்கும் ரெண்டு தங்கச்சிமார் இரிக்காங்க. ஆனா நல்ல குடும்பங்கள் எல்லாம் விலகிப் போனா கரை குடிகாரன்ட கையிலதான் மிஞ்சும். கிழமை நாளில காலமைல வாங்க. நீங்களெல்லாம் வந்து நிண்டாத்தான் திருந்தும்.

கல்முனை ராத்தா
மனே, நல்ல மனசோட சொல்றீங்க. ஆனா கரையைத் திருத்துறதுக்கு என்ட புள்ளைகளைக் காவலுக்கு வெக்க ஏலாது. பிரதேச சபை ஆளைப் போடட்டும், குடிக்கிறதைப் பொலிஸ் நிப்பாட்டட்டும். கோவாவில கடற்கரையில குடிச்சாத் தண்டப் பணம் எண்டு சட்டம் இரிக்கி. எல்லா இடத்திலயும் ஒழுங்கா நடக்குது எண்டு சொல்ல மாட்டன், ஆனா பலகை போட்டிருக்கான், கேட்டா காட்டலாம். இங்க நான் எதைக் காட்டுறது?

உடுப்பு மாத்திற இடம், கக்கூஸ், நல்ல தண்ணிக் குழாய், இது மூண்டும் இருந்தா பாதிப் பொம்புளைகள் நாளைக்கே பாசிக்குடாவுக்கு வருவாங்க. போன முறை நாங்க போனப்போ ஒரு ஹோட்டலுக்கு முன்னால உள்ள மணலில பாய் விரிச்சதுக்குக் காவல்காரன் வந்து எழுப்பினான். கரை அரசாங்கத்துக்குச் சொந்தம், ஹோட்டலுக்கு இல்ல எண்டு எங்க வாப்பா சொல்லியும் கேக்கல்ல.

திருக்கோவில் அண்ணாவி
பிள்ளைகள் எல்லாரும் உல்லாசத்தைப் பத்தியே கதைக்கிறீங்க. கடலைத் தீர்த்தமாப் பார்க்கிறவங்களும் இருக்கிறம். ஆடி அமாவாசைக்குத் திருக்கோவில் சித்திர வேலாயுதர் கடலில தீர்த்தமாடுவார். தகப்பன் இல்லாத பிள்ளைகள் எல்லாம் அண்டைக்கு அங்க நிப்பாங்க. கல்லடிப் பிள்ளை போன வர்கலாப் பாபநாசத்திலயும் மலையாளத்தார் அதே அமாவாசைக்குத்தான் பிதிர்க் கடன் கழிக்கிறாங்க, கர்க்கடக வாவு எண்டு சொல்லுவாங்க. அவங்களுக்கு அது கொட்டுற மழை, நமக்கு அடங்கின கடல். நாள் ஒண்டு, கடன் ஒண்டு. மட்டக்களப்பு முக்குவர் சமூகத்துப் பழைய சட்டத்தில நமக்கிருந்த தாய்வழிச் சொத்து முறையும் அவங்கட மருமக்கட்தாயம் எண்ட தாய்வழி முறையும் கிட்டக் கிட்ட வாறதைப் படிச்சவங்க எழுதியிருக்கிறாங்க. அதனால மலையாளக் கரையை அந்நியமா நினைக்க எனக்கு மனம் வராது, போய்ப் பார்க்கிறதுக்கு நான் எதிரில்ல.

ஆனா போறவங்க முழுக் கரையையும் பாருங்க. கோவளத்தில கறுத்த மணல் மினுங்கும், கனிய மணல். கொல்லத்துக்கு வடக்கில ஆலப்பாடு எண்ட ஊரில அந்த மணலைப் பல பத்து வருசமா அள்ளினதில ஊரே கடலுக்குள்ள போனது எண்டு 2019இல சனம் பெரிசா எழும்பி நிண்டது. நம்மட திருக்கோவில் பக்கமும் இல்மனைட் எண்ட கனிய மணல் எடுக்கிற கதை வந்து ஊர்ச்சனம் எதிர்த்து நிண்டது உங்களுக்குத் தெரியும். அங்க போய் வாறவங்க ஆலப்பாட்டையும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தா எங்களுக்குப் பிரயோசனம்.

டிசம்பருக்குத் தனுஷ்கோடிக்குப் போகச் சொல்லி என்ட பேரன் கேக்கிறான். 2017இல அரிச்சல்முனை வரை தார் ரோட்டுப் போட்டாச்சு. 1964 டிசம்பரில சூறாவளி அந்த ஊரைத் துடைச்சது, 1978 நவம்பரில நம்மை அடிச்சது. அந்த மாசங்களில அங்க கடலில இறங்கிறதுக்கு நான் விட மாட்டன்.

ஆரையம்பதிக் கணக்கன்
நான் இந்தியாவுக்கு எதிராப் பேசுறன், ஆனா வேற காரணம். இந்தியாவில வெளிநாட்டு ஆள் தங்கினா விடுதிக்காரர் 24 மணித்தியாலத்துக்குள்ள ‘சி ஃபோம்’ எண்ட விபரத்தை ஒன்லைனில பதியோணும். சின்ன லொட்ஜ் கனக்க அதுக்கு விருப்பமில்லாம ஆளையே திருப்பி விடும். தமிழ்நாட்டில ஒரு கடலோர ஊரில இரவு பத்து மணிக்கு, தமிழ் கதைக்கிற எங்களை, சிலோன் பாஸ்போர்ட் எண்டு சொல்லி வாசலிலயே நிப்பாட்டினான். என்ட அம்மா அண்டைக்குப் பஸ் ஸ்டாண்ட் வாங்கில இருந்தா. உல்லாசம் எண்டு போய் அம்மாவை அப்படி இருத்தி வெச்சதை என்னால மறக்க ஏலாது. கடலுக்குப் போறதெண்டா எனக்குப் பாசிக்குடா, இல்லாட்டி வாகரை.

கல்லடிக்காரி
அண்ணா, அம்மாட கதை மனசைக் குத்துது. அதுக்காகத்தான் சொல்றன், போறதுக்கு முதலே விடுதிக்குப் போன் பண்ணி “இலங்கைப் பாஸ்போர்ட், சி ஃபோம் போடுவீங்களா” எண்டு கேட்டு, பதிலை எழுத்தில வாங்கிக்கொண்டு போங்க. வர்கலா, கோவளம், பாலோலெம் எல்லாம் வெளிநாட்டார் புழங்கிற இடம், விடுதிக்காரருக்கு அது பழகின வேலை. எங்களுக்கு ஒரு இடத்திலயும் சோலி வரல்ல.

அதே பாஸ்போர்ட் நன்மையும் செய்யும். மாமல்லபுரத்துக் கோயில்களில தெற்காசிய சார்க் நாட்டார் எண்டு காட்டினா இந்தியர் குடுக்கிற 40 ரூபாதான் டிக்கெட். மற்ற வெளிநாட்டாருக்கு 600.

ஆரையம்பதிக் கணக்கன்
டிக்கெட்டில 560 ரூபா மிச்சம் பிடிச்சு என்ன செய்ய, தங்கச்சி? சொந்தப் பாஷை கதைக்கிறவன் கதவைச் சாத்தினது கோவாவில கொங்கணிக்காரன் திறந்து விட்டதால ஆறுமா? எனக்கு ஆறாது.

கல்முனை ராத்தா
தம்பிட வேதனை விளங்குது. எனக்குக் கதவு சாத்தினது பாசிக்குடாவில, உங்களுக்கு அங்க. ரெண்டு பேரும் கதவு திறந்த பக்கம் போறம், அவ்வளவுதான். நோன்புப் பெருநாள் லீவு இனி மார்ச்சுக்கு முன்பின்னாத்தான் வரும், மழைக்கு முந்தின கேரளக் கடல் அப்ப நல்லாத்தான் இருக்கும். உம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா எண்டு பார்க்கிறன். முழங்கால் வருத்தம், வர்கலாவில படி இறங்க ஏலுமா, தங்கச்சி?

கல்லடிக்காரி
வர்கலாவில குன்றிலருந்து கரைக்கு இறங்கிற படி செங்குத்து, ராத்தா. சில இடத்தில விளிம்புக்குத் தடுப்பும் இல்ல. உம்மாவுக்கு அது வேணாம். பாபநாசப் பக்கம் ஆட்டோ கரை வரை போகும், அங்க இறக்கலாம். கோவளம் இன்னும் லேசு, நடைபாதை கரையோட ஒட்டிப் போகுது. மீன்குழம்புக்கு நம்மட கொறக்காதான் போடுறாங்க, குடம்புளி எண்டு கேளுங்க. உம்மாவுக்கு வாய்க்குப் பிடிக்கும்.

வாழைச்சேனைத் தோணி
ஆட்டோ கரை வரை போறது பாசிக்குடாவிலயும் இருக்கு. ராத்தா கேட்ட மூண்டையும், உடுப்பு மாத்திற இடம், கக்கூஸ், தண்ணிக் குழாய், அதோட கல்லடி அக்கா சொன்ன உயிர்காப்பாளரையும் சேர்த்து எழுதி எங்கட சங்கத்தால பிரதேச சபைக்குக் குடுக்கப் போறன். இங்க எழுதினவங்க எல்லாரும் கையெழுத்து வைக்கோணும், இந்தியாவுக்குப் போறவங்களும்தான். ஆகஸ்டுக்கு முதல் குடுத்தாத்தான் சீசனுக்குள்ள ஒண்டாவது நடக்கும்.

கல்முனை ராத்தா
கையெழுத்து வெக்கிறன், மனே. குழாயை முதல்ல எழுதுங்க.