உள்ளூர் கலைக்கூடக் கண்காட்சிகள்: எதற்குப் போகலாம், எதை விட்டுவிடலாம்?

நடைவழி கேட்டது:

கலைக்கூடமும் அருங்காட்சியகமும் ஒரே கட்டடத்தில் இருக்கிற இடம் ஒன்று வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கீழே நிரந்தரத் தொகுப்பு, மேலே சில மாதங்களுக்கு ஒருமுறை மாறும் கண்காட்சி. ஓவியம் பற்றி எனக்குப் பெரிதாக எதுவும் தெரியாது, ஆனாலும் பிடிக்கும், போவேன். பிரச்சினை என்னவென்றால், வெளியே வரும்போது கால் வலிதான் மிச்சம். என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால் இரண்டு படம்கூட ஞாபகம் வருவதில்லை.

கடைசியாகப் போட்டிருந்த நீர்வண்ண ஓவியக் கண்காட்சியில் வெளிச்சத்தை அவ்வளவு குறைத்து வைத்திருந்தார்கள், பக்கத்தில் ஒட்டியிருந்த குறிப்பைப் படிக்க மூக்கு சுவரில் இடிக்கும் அளவுக்குக் குனிய வேண்டியிருந்தது, காவலர் வேறு முறைத்தார். அதற்கு முந்தைய முறை போனால் ‘கண்காட்சி மாற்றப்படுகிறது’ என்று மேல்தளம் முழுக்கப் பூட்டு. படத்தைக் கழற்றி வேறு படம் மாட்ட எதற்கு வாரக்கணக்கில் மூட வேண்டும்?

நிகழ்ச்சிப் பட்டியல் மட்டும் நீளமாக இருக்கிறது. திறப்பு விழா, கலைஞருடன் உரையாடல், காப்பாட்சியரோடு (கண்காட்சியைத் தொகுத்து அமைக்கிறவர்) சுற்றிப் பார்ப்பது, பட்டறை, இரவுத் திறப்பு என்று. இதில் எதற்குப் போனால் என்னைப் போன்ற ஆளுக்கு உருப்படியாக ஏதாவது கிடைக்கும்? பள்ளிக்குப் போகும் மகளையும் கூட்டிப் போக வேண்டும். ஆண்டு உறுப்பினராகச் சேரலாமா என்றும் ஒரு யோசனை.

சுத்தியலும்ஆணியும்:

படம் மாட்டுகிற, கழற்றுகிற வேலையில் கொஞ்ச காலம் இருந்தவன். முதலில் வெளிச்சம். அது கஞ்சத்தனம் இல்லை. காகிதம், துணி, நீர்வண்ணம், பழைய புகைப்படம் இவற்றுக்கெல்லாம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பதுதான் வழக்கமான வரம்பு. எண்ணெய் வண்ண ஓவியம் என்றால் 200 வரை விடுவார்கள். சாதாரண அலுவலக மேசைக்கே 500 லக்ஸ் வேண்டும் என்பார்கள், அதனால் உள்ளே நுழைந்ததும் இருட்டாகத் தோன்றுவது இயல்புதான். ஒளியால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போகும். படத்தைத் திரும்ப இருட்டில் வைத்தால் சேதம் நிற்குமே தவிர, போன நிறம் போனதுதான். வான்கோ 1888இல் வரைந்த படுக்கையறை ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள், சுவர் நீலமாக இருக்கும். அவர் தீட்டியபோது அது ஊதா. கலவையில் இருந்த சிவப்பு வெளிறி, நீலம் மட்டும் நின்றுவிட்டது. எண்ணெய் ஓவியத்துக்கே இந்தக் கதி என்றால் மெல்லிய நீர்வண்ணம் என்ன ஆகும்!

இதனால்தான் காகிதப் படைப்புகளைச் சில மாதம் காட்டிவிட்டு, அப்புறம் நீண்ட காலம் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். பிடித்திருந்தால் அந்தக் கண்காட்சியை ‘அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள், எண்ணெய் ஓவியம் காத்திருக்கும், இது காத்திருக்காது. வெயிலிலிருந்து நேராக உள்ளே போகாமல் வாசல் கூடத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போனால் கண் பழகிவிடும், குறிப்பும் படிக்க வரும்.

மூடி வைப்பது பற்றி. வேறு இடத்திலிருந்து இரவலாக வரும் படம் பெட்டியோடு வந்து இறங்கியதும் யாரும் திறக்க மாட்டார்கள். உள்ளே இருக்கும் மரச்சட்டமும் துணியும் புது அறையின் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் பழக வேண்டும், அதற்கு ஒரு நாள் முழுக்க அப்படியே விடுவது வழக்கம். திறந்ததும் நிலை அறிக்கை. எந்த மூலையில் கீறல், எங்கே வண்ணம் உரிகிறது, சட்டத்தில் எங்கே விரிசல் என்று புகைப்படத்தோடு எழுதி, கிளம்பும்போது எழுதியதோடு ஒப்பிட்டு, இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சுவருக்குப் போகும். சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அது நன்றாகக் காய்ந்து வாடை போகும்வரை படம் பக்கத்தில்கூட வராது. போன கண்காட்சியை இதே மாதிரி எழுதி, கட்டி, அனுப்புகிற வேலையும் அதே நாட்களில்தான் நடக்கும். இவ்வளவையும் செய்கிற ஆட்கள் சின்ன இடங்களில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

மெதுவாகப்பார்:

கால் வலி உங்கள் தப்பு இல்லை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916லேயே இதைப் பற்றி ‘அருங்காட்சியகச் சோர்வு’ என்று கட்டுரை எழுதினார். ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போய், பெட்டிக்குள் இருக்கும் பொருளையும் அதன் குறிப்பையும் பார்க்க அவர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்று படம் பிடித்துப் போட்டார். நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, நாம் இன்னும் குனிந்துகொண்டுதான் இருக்கிறோம்.

ஞாபகம் வராததற்குக் காரணம் வேறு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், ஒரு படைப்பின் முன் ஆட்கள் நின்ற நேரம் சராசரியாக 27 விநாடி. இடைநிலை அளவு, அதாவது பாதிப் பார்வைகள் அதற்குள் முடிந்துவிட்ட நேரம், அதைவிடக் குறைவு, 17 விநாடிதான். உலகப் புகழ்பெற்ற படங்களுக்கே அவ்வளவுதான் கொடுக்கிறோம். எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். முதலில் அறை முழுக்க ஒரு சுற்று, நிற்காமல். பிறகு எது இழுத்ததோ அதற்கு மட்டும் திரும்பிப் போய்ப் பத்து நிமிடம். குறிப்பைக் கடைசியில் படியுங்கள், அல்லது படிக்கவே வேண்டாம். ஏப்ரலில் ‘ஸ்லோ ஆர்ட் டே’ என்று ஒரு நாள் பல நாடுகளில் நடக்கிறது. ஐந்தாறு படைப்புகளை மட்டும் பார்த்துவிட்டு உட்கார்ந்து பேசுவதுதான் நிகழ்ச்சியே. உங்கள் இடத்தில் நடந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதற்குப் போங்கள்.

ஓரத்துநாற்காலி:

குறிப்பைப் படிக்கவே வேண்டாம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். படிக்க வேண்டியது அந்த நீளமான பத்தியை இல்லை, அது பல இடங்களில் படத்தில் நாமே பார்க்கிறதைத் திரும்பச் சொல்லும். கடைசி வரியைப் படியுங்கள். யார் கொடுத்தது, விலைக்கு வாங்கியதா, உயில் வழியாக வந்ததா என்று இருக்கும். பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கலாம். 1987.12.3 மாதிரி இருந்தால் பெரும்பாலும் 1987இல் சேர்ந்தது, அந்த ஆண்டு வந்த பன்னிரண்டாவது வரவு, அதில் மூன்றாவது பொருள். கீழ்த்தளம் சலித்துவிட்டது என்றால் இந்த வரிகளை மட்டும் படித்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். எந்தப் பத்தாண்டில் இடத்துக்குப் பணம் இருந்தது, எந்தக் குடும்பம் அள்ளிக் கொடுத்தது, எப்போது வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள் என்று கட்டடத்தின் கதையே தெரிந்துவிடும்.

நிகழ்ச்சிகளில், திறப்பு விழாவை விடுங்கள். பேச்சு, மாலை, கூட்டம், படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் மனிதர்கள். ஓவியம் பார்க்க அதைவிட மோசமான மாலை வேறு கிடையாது. இரவுத் திறப்பு வேடிக்கையாக இருக்கும், அவ்வளவுதான். கலைஞருடன் உரையாடல் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, நன்றாக வரைகிற எல்லோரும் நன்றாகப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் காப்பாட்சியரோடு போகிற சுற்றுதான். எதைச் சேர்க்க நினைத்து முடியாமல் போனது, இந்தப் படத்தை ஏன் அந்தப் படத்துக்கு எதிரில் மாட்டினார்கள் என்று கேளுங்கள். மனப்பாடப் பேச்சு அங்கேயே நின்றுவிடும், அப்புறம்தான் விஷயம் வெளியே வரும்.

காட்சிக்கு வைக்காத பொருள்களைப் பாதுகாக்கும் வைப்பறையைக் காட்டுகிற நிகழ்ச்சி வந்தால் கட்டாயம் போங்கள். பிரிட்டிஷ் மியூசியத்திலேயே ஒரு நேரத்தில் பார்வைக்கு இருப்பது சுமார் 80,000 பொருள்கள், மொத்தத் தொகுப்பில் 1 சதவீதம். ராட்டர்டாமில் 2021இல் ஒரு அருங்காட்சியகத்தின் வைப்பகத்தையே தனிக் கட்டடமாகக் கட்டி மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். சின்ன இடங்களில் அது முடியாது, ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம். மே 18 சர்வதேச அருங்காட்சியக நாள், 1977இலிருந்து கொண்டாடுகிறார்கள், இந்த மாதிரி ஏற்பாடுகளை அதையொட்டி வைப்பதுண்டு.

நடைவழி:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. அந்த எண் விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது, ஏதோ அலமாரி எண் என்றுதான் நினைத்திருந்தேன். மகள் பற்றியும் உறுப்பினர் அட்டை பற்றியும் யாராவது சொல்லுங்களேன். அவளுக்குப் பத்து நிமிடத்தில் அலுத்துவிடுகிறது.

சுத்தியலும்ஆணியும்:

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 155 செ.மீ. உயரத்தில் வருகிற மாதிரி மாட்டுவதுதான் எங்கள் வேலையில் வழக்கம். பெரியவர்களின் கண் மட்டம் அது. குழந்தை நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் பல படங்களில் கண்ணாடியில் விளக்கு பளபளப்பதுதான் தெரியும். நீங்களே ஒருமுறை அவள் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள், ஏன் அலுக்கிறது என்று புரிந்துவிடும். அவளைச் சுவரிலிருந்து நாலடி தள்ளி நிற்கவோ தரையில் உட்காரவோ விடுங்கள், பிரதிபலிப்பு குறையும். சிற்பமும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருள்களும் சின்னவர்களுக்கு எப்போதும் படத்தைவிட எளிது.

பென்சிலும் சின்ன நோட்டும் கொடுத்துவிடுங்கள். பேனா, ஸ்கெட்ச், வண்ணம் எதையும் உள்ளே விடாத இடங்கள்கூடப் பென்சிலை விட்டுவிடும், ஆனாலும் வாசலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். படத்தில் ஒரே ஒரு மூலையை மட்டும் வரையச் சொல்லுங்கள், ஒரு கை, ஒரு செருப்பு, அவ்வளவு போதும். அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுங்கள்.

மெதுவாகப்பார்:

உறுப்பினர் அட்டையை இலவச நுழைவுக்காக மட்டும் வாங்க வேண்டாம், ஆண்டுக்கு எத்தனை முறை போவீர்கள் என்று பார்த்தால் பல பேருக்குக் கட்டுபடியாகாது. குழந்தையோடு அரை மணி நேரம் மட்டும் போய் வருகிற ஆளாக இருந்தால் கணக்கு வேறு, டிக்கெட் காசு வீணாகிறதே என்று இழுத்துப் பிடித்து முழுக்கப் பார்க்கத் தோன்றாது. உறுப்பினர்களுக்கு மட்டும் முன்கூட்டியே காட்டுகிற நாள் இருக்கிறதா, பட்டறைக்கு உறுப்பினர்களுக்கு முதலில் பதிவு திறக்கிறார்களா, இந்த இரண்டையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். குழந்தைகள் பட்டறையில் இடம் குறைவு, சீக்கிரம் நிரம்பிவிடும்.